டிராக்டர் ரேடியேட்டர்: முதலில் தண்ணீர், பிறகு கூலண்ட்

கேள்வி: “எங்களிடம் எட்டு வருஷமாக ஓடும் 45 குதிரைத்திறன் டிராக்டர் இருக்கிறது. போன மாதம் இன்ஜின் ஆயிலில் தண்ணீர் கலந்துவிட்டது. பிரித்துப் பார்த்ததில் லைனரில் ஊசி ஓட்டை. கூலண்ட் ஊற்றாமல் விட்டதுதான் காரணம் என்கிறார் மெக்கானிக். கடையில் பச்சை, சிவப்பு, நீலம் என்று மூன்று நிறத்தில் காட்டுகிறார்கள். எதை வாங்குவது? ஆர்.ஓ. தண்ணீரை மட்டும் ஊற்றினால் போதாதா? பவர் டில்லருக்கும் இதையே ஊற்றலாமா?”
– காங்கேயம் வட்டம், நொய்யல் கரையோர வாசகர்

பதில்: இந்த வாசகரின் வண்டியில் நடந்தது கொங்கு மண்டலத்தின் பல பட்டறைகளில் அடிக்கடி பார்க்கக்கூடிய காட்சிதான். இன்ஜினை இறக்கி, லைனரை உருவி எடுத்து மேசையில் வைப்பார்கள். உள்பக்கம், அதாவது பிஸ்டன் ஓடுகிற பக்கம், கண்ணாடி போலப் பளபளக்கும். வெளிப்பக்கத்தைத் திருப்பினால் ஒரு ஓரமாக, மேலிருந்து கீழே கோடு இழுத்தாற்போல, கரையான் அரித்த மரம் மாதிரி குழி குழியாக இருக்கும். அதில் ஒரு குழி உள்ளே வரைக்கும் போயிருக்கும்.

“ஏனுங்ணா, ரேடியேட்டர்ல என்ன ஊத்துவீங்க?”

“தண்ணி தான் தம்பி. வேறென்ன ஊத்துவாங்க?”

“எந்தத் தண்ணிங்ணா?”

“மேகாட்டுப் போர்த் தண்ணி. வாழைக்குப் பாயுது, மாடு குடிக்குது. வண்டிக்கு மட்டும் ஆகாதா?”

ஆகாது என்பதுதான் விடை. ஏன் ஆகாது என்பது புரிந்துவிட்டால், எந்த கேனை வாங்குவது என்ற கேள்வி பாதி தீர்ந்துவிடும்.

லைனரில் ஓட்டை விழுவது எப்படி?

பெரும்பாலான டிராக்டர் இன்ஜின்களில் இருப்பது ‘வெட் லைனர்’. லைனரின் உள்ளே பிஸ்டன், வெளியே நேரடியாகத் தண்ணீர். இன்ஜின் நிமிடத்துக்கு 2,000 சுற்று ஓடும்போது ஒவ்வொரு சிலிண்டரிலும் நிமிடத்துக்கு 1,000 முறை டீசல் வெடிக்கிறது. ஒவ்வொரு வெடிப்பிலும் பிஸ்டன் லைனரின் ஒரு பக்கச் சுவரில் மோதித் தள்ளுகிறது. அடித்த மணியைப் போல லைனர் அதிர்கிறது. கண்ணுக்குத் தெரியாத அதிர்வுதான். ஆனால் சுவர் உள்வாங்கும் அந்தக் கணத்தில் வெளிப்பக்கத் தண்ணீரில் அழுத்தம் குறைந்து நுண்ணிய நீராவிக் குமிழிகள் உண்டாகின்றன. சுவர் திரும்பி வரும்போது அவை நசுங்கி உடைகின்றன. குமிழி உடையும் இடத்தில் இரும்பின் மேல் ஊசியால் குத்தியது போல அடி விழுகிறது. இரும்பின் மேல் இயல்பாகப் படிந்திருக்கும் காப்புப் படலம் அந்த இடத்தில் பெயர்ந்துவிடும். பெயர்ந்த இடத்தைத் தண்ணீர் அரிக்கும். அடுத்த வெடிப்பில் மறுபடி அடி, மறுபடி அரிப்பு. அடி விழுகிற பக்கம் எப்போதும் ஒன்றே என்பதால்தான் குழிகளும் ஒரே பக்கத்தில் வரிசையாக நிற்கின்றன.

நல்ல தண்ணீராக இருந்தாலும் இது நடக்கும். கூலண்டில் இருக்கும் அரிப்புத் தடுப்பு மருந்தின் வேலை, பெயர்ந்த படலத்தை உடனுக்குடன் புதுப்பித்துக் கொடுப்பது. மருந்து இல்லாத தண்ணீரில் அது நடக்காது. உப்பும் சேர்ந்துவிட்டால் இரட்டை அடி. குளோரைடு உப்பு இரும்பின் காப்புப் படலத்தைத் துளைப்பதில் பேர்போனது.

ஓட்டை விழுந்த பிறகு தண்ணீர் சொட்டுச் சொட்டாக ஆயில் சம்ப்பில் இறங்கும். ஆயில் குச்சியை உருவிப் பார்த்தால் பால் விட்ட காபி நிறத்தில் வரும். அதைக் கவனிக்காமல் இரண்டு நாள் ரொட்டவேட்டர் ஓட்டினால் பேரிங் தேய்ந்து கிராங்க் வரைக்கும் செலவு இழுக்கும். வருஷத்துக்கு ஆயிரத்துச் சொச்சம் ரூபாய் கூலண்டுக்குப் பார்த்த கணக்கு, பல பத்தாயிரத்தில் போய் நிற்கும். அதிலும் மழை பெய்து ஈரம் இருக்கிற நாலு நாளில் வண்டி பட்டறையில் கிடந்தால், உழவு தவறிய நஷ்டத்துக்கு யாரும் பில் போடுவதில்லை.

குடிக்கத் தகுந்த தண்ணீர்கூட வண்டிக்குத் தகாது

நம்மவர்கள் பலருக்கும் தெரியாத செய்தி இது. இந்தியத் தர நிர்ணயமான ஐ.எஸ். 10500-இன்படி குடிநீரில் லிட்டருக்கு 250 மில்லிகிராம் வரை குளோரைடு ஏற்கப்படுகிறது. வேறு நீராதாரம் இல்லாத இடத்தில் 1,000 வரைக்கும்கூட விடுவார்கள். ஆனால் டீசல் இன்ஜின் தயாரிப்பாளர்கள் கூலண்டில் கலக்கும் தண்ணீருக்குச் சொல்லும் வழக்கமான எல்லை லிட்டருக்கு 40 மில்லிகிராம்தான். சல்பேட் 100-க்குள், கடினத்தன்மை 170-க்குள், கரைந்த உப்புகள் மொத்தம் 340-க்குள் இருக்க வேண்டும். மனிதன் குடித்துச் சிறுநீராகக் கழித்துவிடுவான். இன்ஜினுக்கு அந்த வசதி கிடையாது. உள்ளே போன உப்பு உள்ளேயே சுற்றிக்கொண்டிருக்கும்.

நொய்யல் கரையில் இது இன்னும் கடுமை. சாயம் ஏற்றும்போது துணியில் சாயம் பிடிக்கச் சேர்ப்பவை சாதா உப்பான சோடியம் குளோரைடும், கிளாபர் உப்பான சோடியம் சல்பேட்டும். பல ஆண்டுகளாக அந்தக் கழிவு ஆற்றில் இறங்கி ஒரத்துப்பாளையம் அணையில் தேங்கியதும், விவசாயிகள் நீதிமன்றப் படியேறியதும், 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் திருப்பூர்ச் சாயப் பட்டறைகளை மூட உத்தரவிட்டதும் ஊரறிந்த வரலாறு. ஆற்றில் விடுவது நின்றாலும் நிலத்தடியில் இறங்கிய உப்பு அவ்வளவு சீக்கிரம் போவதில்லை. இன்ஜினைக் கெடுக்கிற உப்புகள் எவை என்று பட்டியல் போட்டால் குளோரைடும் சல்பேட்டும்தான் முன்னால் நிற்கும். அந்தக் கரையோரப் போர்த் தண்ணீரை ரேடியேட்டரில் ஊற்றுவதென்றால் விலை கொடுத்து வாங்கிய வண்டிக்குத் தினமும் விஷம் வைப்பது போலத்தான்.

பல்லடம், பொங்கலூர், தாராபுரம் பக்கத்திலும் ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீர் பல இடங்களில் கடினம்தான். சொட்டுநீர்க் குழாயின் துளையில் வெள்ளையாகப் படிந்து அடைக்கிறதே, மாதம் ஒருமுறை ஆசிட் விட்டுக் கழுவுகிறோமே, அதே சுண்ணாம்புதான் இன்ஜின் பிளாக்குக்குள்ளும் படிகிறது. குழாயில் படிந்தால் கண்ணில் படும். பிளாக்கில் படிந்தால் வெளியே தெரியாது. சூடான இரும்பின் மேல் இன்னும் வேகமாகப் படியும். படிந்த சுண்ணாம்பு சூட்டை வெளியே விடாமல் கம்பளி போர்த்தியது போலத் தடுக்கும்.

தண்ணீரின் தன்மை தெரிய தனிச் செலவு ஒன்றும் வேண்டியதில்லை. சொட்டுநீர் போடும்போது பாசன நீரைப் பரிசோதித்த அறிக்கை பல வீடுகளில் பீரோவில் கிடக்கும். அதை எடுத்துப் பாருங்கள். மின்கடத்தும் திறன், அதாவது ஈ.சி., டெசி சீமன் கணக்கில் போட்டிருக்கும். அந்த எண்ணை 640-ஆல் பெருக்கினால் லிட்டருக்கு எத்தனை மில்லிகிராம் உப்பு என்று தோராயமாகக் கிடைக்கும். ஈ.சி. 2 என்றால் 1,280. வண்டிக்கு ஊற்ற ஈ.சி. அரைக்கு மேல் இருக்கக் கூடாது. குளோரைடை மில்லி ஈக்விவலன்ட் கணக்கில் கொடுத்திருந்தால் 35.5-ஆல் பெருக்க வேண்டும். ஒன்றைத் தாண்டினாலே அந்தத் தண்ணீர் வண்டிக்கு வேண்டாம். அறிக்கை இல்லாதவர்கள் மாவட்டத்து மண், நீர்ப் பரிசோதனை நிலையத்தில் ஒரு லிட்டர் பாட்டிலில் கொடுத்துப் பார்க்கலாம். பயிருக்கும் உதவும், வண்டிக்கும் உதவும்.

அப்படியானால் எந்தத் தண்ணீர்?

பெட்ரோல் பங்கிலும் பேட்டரிக் கடையிலும் கேனில் விற்கும் பேட்டரித் தண்ணீர் நல்லது. அதைவிட மலிவு மழைத் தண்ணீர். முதல் மழையில் கூரைத் தூசி போகட்டும்; அடுத்த மழையில் சுத்தமான பிளாஸ்டிக் டிரம்மில் பிடித்து, வேட்டித் துணியில் வடிகட்டி மூடி வைத்தால் வருஷத்துக்கும் ஒரு வண்டிக்குக் காணும். கோயம்புத்தூரில் சிறுவாணித் தண்ணீர் வருகிறவர்கள் கொடுத்து வைத்தவர்கள். உப்புக் குறைந்த மலைத் தண்ணீர் அது. ஆனால் குழாயில் வருகிற எல்லாமே சிறுவாணி இல்லை. சில இடங்களில் போர்த் தண்ணீரையும் கலந்து விடுகிறார்கள். சந்தேகம் இருந்தால் டி.டி.எஸ். பேனாவை முக்கிப் பார்த்துவிட வேண்டும்.

வாசகர் கேட்ட ஆர்.ஓ. தண்ணீர் கலப்பதற்கு ஏற்றதுதான். அதை மட்டுமே ஊற்றி ஓட்டுவதுதான் தவறு. உப்பை எடுத்த தண்ணீரில் சுண்ணாம்பு படியாது என்பது சரி. இரும்பைத் துருப்பிடிக்க விடாமல் காக்கும் மருந்தும் அதில் இல்லை. மருந்தில்லாத சுத்தத் தண்ணீர் ஒரே மாதத்தில் செங்கல் நிறத்துக்கு மாறிவிடும். அந்த நிறம் உங்கள் பிளாக்கிலிருந்து கரைந்து வந்த இரும்பு.

நிறம் ஒரு சாயம்தான்

பச்சை என்றால் பழைய வகை, சிவப்பு என்றால் நீண்டநாள் வகை என்று கடையில் சொல்வார்கள். அது ஒரு வழக்கமே தவிரச் சட்டம் இல்லை. எந்த நிறம் போடுவது என்பது கம்பெனியின் விருப்பம். ஒரு கம்பெனியின் பச்சையும் இன்னொரு கம்பெனியின் பச்சையும் உள்ளே வேறு வேறு மருந்தாக இருக்கலாம். ஆகவே கேனைத் திருப்பிப் பின்பக்கத்துப் பொடி எழுத்தைப் படிக்க வேண்டும். கண்ணாடி போட்டுக்கொண்டு படிப்பதில் வெட்கம் ஒன்றும் இல்லை.

முதலில் பார்க்க வேண்டியது வண்டியின் கையேடு. அதில் இன்ன கூலண்ட், இன்ன விகிதம், இத்தனை மணி நேரத்துக்கு ஒருமுறை மாற்று என்று எழுதியிருக்கும். வாரன்டி ஓடுகிற வண்டிக்குக் கையேட்டில் சொன்னதைத் தவிர வேறு எதையும் ஊற்றக் கூடாது. கையேடு தொலைந்துபோன பழைய வண்டி என்றால் கேனில் தர எண்ணைத் தேடுங்கள். ஐ.எஸ். 5759 என்பது இந்தியத் தரம். அது ஒன்றும் இல்லாமல் வெறும் சாயத் தண்ணீரை அழகான கேனில் விற்பவர்களும் உண்டு. விலை பாதியாக இருப்பதிலேயே தெரிந்துவிடும். அடுத்து ஏ.எஸ்.டி.எம். என்ற அமெரிக்கத் தர எண்கள். டி 3306 என்று மட்டும் போட்டிருந்தால் அது கார், இலகு வாகனங்களுக்கானது. டி 6210 என்று இருந்தால் கனரக டீசல் இன்ஜினுக்கு, லைனர் குழிவிழுவதைத் தடுக்கும் மருந்தும் சேர்த்துச் செய்தது. வெட் லைனர் உள்ள டிராக்டருக்கு வாங்க வேண்டியது இதுதான். மகனின் காருக்கு வாங்கி மீந்ததை டிராக்டரில் ஊற்றுவது வேண்டாம்.

உள்ளே இருக்கும் மருந்துகளைப் பற்றிக் கொஞ்சம். நைட்ரைட்டும் மாலிப்டேட்டும் இரும்பு லைனரைக் காப்பவை. சிலிகேட் அலுமினிய ஹெட்டையும் அலுமினிய ரேடியேட்டரையும் காக்கும். பித்தளை, செம்பு ரேடியேட்டருக்கு அசோல் வகை மருந்து. பாஸ்பேட் கலந்த கூலண்டும் வருகிறது. அதைக் கடினத் தண்ணீரில் கலந்தால் சுண்ணாம்போடு சேர்ந்து சேறாக அடியில் இறங்கிவிடும். நல்ல கூலண்ட் வாங்கிப் போர்த் தண்ணீரில் கலந்து ரேடியேட்டர் அடைத்துப்போனவர்கள், ‘கூலண்டால்தான் கெட்டது’ என்று சொல்வது இதனால்தான். நீண்டநாள் வகையில் இவற்றுக்குப் பதிலாக ஆர்கானிக் அமிலங்கள் இருக்கும், மெதுவாகச் செலவாகும். இரண்டு வகையையும் கலந்தால் உடனே வெடித்துவிடாது என்றாலும் ஒன்றின் பலன் இன்னொன்றால் கெடும். மாற்றுவதென்றால் பழையதை முழுதாக வடித்துவிட்டு மாற்ற வேண்டும்.

பலர் ஏமாறும் இடம் இன்னொன்று இருக்கிறது. ‘ரெடி டு யூஸ்’ என்று போட்டிருந்தால் அது ஏற்கெனவே கலந்தது. தண்ணீர் ஒரு சொட்டும் சேர்க்கக் கூடாது. ‘கான்சன்ட்ரேட்’ என்றால் கலக்க வேண்டும். கேனில் சொன்ன விகிதமே சரி. சமவெளியில் தண்ணீர் உறைவதில்லையே, எதற்குச் சரிபாதி என்று சிக்கனம் பிடித்துக் கால் பங்குக்குக் கீழே இறக்கினால் மருந்தும் கால் பங்காகிவிடும். மூன்றில் ஒரு பங்குக்குக் குறையாமல் இருப்பது நல்லது. அதற்காகக் கூலண்டை மட்டுமே நிறைய ஊற்றுவதும் தப்பு. கிளைகால் தண்ணீர் அளவுக்குச் சூட்டை வாங்காது, வண்டி சூடேறும்.

மாற்றும் நாள்

இன்ஜின் முழுதாக ஆறட்டும். சூட்டில் ரேடியேட்டர் மூடியைத் திறந்து முகமும் நெஞ்சும் வெந்தவர்கள் ஊருக்கு ஒருவர் இருப்பார்கள். மூடியில் இருக்கும் அழுத்தத்தால் உள்ளே தண்ணீர் 100 டிகிரியைத் தாண்டியும் கொதிக்காமல் நிற்கும். மூடியைத் திருகிய நொடியில் பொங்கி அடிக்கும்.

ரேடியேட்டரின் அடிக்குழாய், பிளாக்கின் பக்கவாட்டுக் குழாய் இரண்டையும் திறந்து வடிக்க வேண்டும். பலர் ரேடியேட்டரை மட்டும் வடித்துவிட்டு நிறுத்திவிடுகிறார்கள். பிளாக்கில் பாதி பழசு தங்கிவிடும். மழைத் தண்ணீரை ஊற்றிச் சிறிது நேரம் ஓட்டி, ஆறவிட்டு வடித்து, தெளிவாக வரும்வரை இதைச் செய்ய வேண்டும். துரு அதிகம் என்றால் கூலண்ட் கம்பெனிகளே விற்கும் பிளஷ் திரவத்தைப் பயன்படுத்தலாம். கழிவறை ஆசிட்டை ஊற்றிக் கழுவுகிற பழக்கம் சில இடங்களில் இருக்கிறது. சுண்ணாம்போடு சேர்த்து அலுமினியத்தையும் தின்றுவிடும். அதைச் செய்ய வேண்டாம்.

கையோடு ஹோஸ், கிளாம்ப், மூடியின் ரப்பர் வளையம் மூன்றையும் பாருங்கள். மூடி அழுத்தம் பிடிக்காவிட்டால் எந்தக் கூலண்டும் ஆவியாகிப் போகும். தெர்மோஸ்டாட்டைக் கழற்றி வீசிவிட்டு ‘இனி சூடே ஆகாது’ என்று சொல்லும் மெக்கானிக் இருந்தால் வேறு பட்டறை பார்ப்பது உத்தமம். இன்ஜின் உரிய சூட்டுக்கு வராமல் ஓடினால் டீசல் கூடும், லைனர் தேயும்.

பிறகு வருஷத்தில் குறையும்போதெல்லாம் தண்ணீரை மட்டும் ஊற்றி நிரப்பக் கூடாது. அதே கூலண்டில் அதே விகிதத்தில் ஒரு கேன் கலந்து, பெயரும் தேதியும் எழுதி வைத்துக்கொண்டால் உழவுக் காட்டில் அவசரத்துக்குக் கையில் இருக்கும். பழைய வகையை இரண்டு வருஷத்தில், நீண்டநாள் வகையைக் கையேட்டில் சொன்ன காலத்தில் மாற்ற வேண்டும். அடிக்கடி குறைகிறது, வெளியே ஒழுக்கும் இல்லை என்றால் ஆயில் குச்சியைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

டில்லருக்கும் டீசல் மோட்டாருக்கும்

பவர் டில்லரில் ரேடியேட்டரும் அழுத்த மூடியும் இருந்தால் டிராக்டருக்குச் சொன்னதே அதற்கும். திறந்த தொட்டியில் தண்ணீர் கொதித்து ஆவியாகி ஆறுகிற ஹாப்பர் வகை என்றால் கூலண்ட் வீண். தண்ணீர் மட்டும் ஆவியாகும், கிளைகால் கெட்டிப்படும். அதற்கு மழைத் தண்ணீர்தான் மருந்து. லிட்டருக்கு 1,200 மில்லிகிராம் உப்புள்ள போர்த் தண்ணீரைப் பத்து லிட்டர் ஆவியாக்கினால் 12 கிராம் உப்பு உள்ளேயே தங்கும். தொட்டியில் தினமும் உப்புக் காய்ச்சுகிறோம் என்று அர்த்தம். தண்ணீர் வற்றிச் சூடேறிய ஹாப்பரில் சட்டென்று குளிர்ந்த தண்ணீரை ஊற்றினால் இரும்பு விரிசல் விடும். ஆறிய பிறகே ஊற்ற வேண்டும்.

கிணற்றுத் தண்ணீரே இன்ஜின் வழியாக ஓடி வாய்க்காலில் விழும் பழைய டீசல் பம்ப்செட்டுகளில் மருந்து ஊற்ற இடமே இல்லை. ஊற்றினாலும் காட்டுக்குத்தான் போகும். வெளியே வரும் தண்ணீர் கை பொறுக்காத சூட்டில் வருமாறு குழாயைச் சரிசெய்து வைப்பதே அங்கே முக்கியம். ஜில்லென்று வந்தால் நல்லது என்று நினைப்பது தவறு.

மாட்டுத் தொட்டி பக்கத்தில் வைக்காதீர்கள்

கூலண்டின் முக்கியப் பொருள் எத்திலீன் கிளைகால். இனிக்கும். இனிப்பதுதான் ஆபத்து. வடித்த பழைய கூலண்டைச் சட்டியில் களத்து ஓரம் வைத்துவிட்டுச் சாப்பிடப் போனால், திரும்பி வருவதற்குள் நாய் நக்கிவிடும், கன்று மோந்து குடித்துவிடும். பால்குடி மறவாத கன்றுக்கு ஆபத்து இன்னும் அதிகம். மனிதனுக்கு ஒரு டீ டம்ளர் அளவு, சுமார் 100 மில்லி, உயிரை எடுக்கப் போதும். குடித்தவர் முதல் சில மணி நேரம் குடிபோதையில் இருப்பது போலத் தள்ளாடுவார். பிறகு தெளிந்தது போலத் தோன்றும். அதற்குள் சிறுநீரகம் கெட்டுக்கொண்டிருக்கும். தெளிந்துவிட்டது என்று வீட்டில் வைத்திருக்கக் கூடாது. உடனே 108-க்குச் சொல்லி அரசு மருத்துவமனைக்குக் கொண்டுபோய், குடித்தது கூலண்ட் என்று சொல்லி, கேனையும் காட்ட வேண்டும். இதற்கு மாற்று மருந்து உண்டு. ஆனால் நேரத்தோடு போனால்தான் பலிக்கும். மாட்டுக்கோ நாய்க்கோ என்றால் கால்நடை மருத்துவரிடமும் இதையே முதல் வார்த்தையாகச் சொல்ல வேண்டும்.

மீந்த கூலண்டைக் கலர் பாட்டிலில், தண்ணீர் பாட்டிலில் ஊற்றி வைக்கிற வழக்கத்தை இன்றோடு விட்டுவிட வேண்டும். பச்சைக் கூலண்டும் பச்சைக் கலரும் ஐந்து வயதுக் குழந்தைக்கு ஒன்றுதான். வடித்ததைக் கிணற்றோரம் கொட்டாமல் மூடியுள்ள கேனில் அடைத்துப் பட்டறையில் கொடுத்துவிடுங்கள். கீழே சிந்தியதை மண் போட்டு மூடி அள்ளிவிட வேண்டும்.

இன்னும் சில வாசகர்கள்

கேள்வி: “அப்பா காலத்தில் இன்ஜின் தண்ணீரில் கட்டிங் ஆயில் கொஞ்சம் ஊற்றுவார். அது போதாதா?” – அவிநாசி வாசகர்

பதில்: லேத் பட்டறையில் பால் போலக் கலந்து பயன்படுத்தும் அந்த ஆயிலை அந்தக் கால இன்ஜின்களில் துருத் தடுப்பாக ஊற்றியது உண்மைதான். அது இரும்பின் மேல் எண்ணெய்ப் படலமாகப் படியும், துரு குறையும். அளவு கூடினால் அந்தப் படலமே சூட்டை வெளியே விடாது. ரப்பர் ஹோஸும் ஓ-ரிங்கும் ஊறி உப்பும். கூலண்டோடு கலந்தால் கெட்டியாகி அடைக்கும். அதே காலத்தில் கப்பல்களிலும் பெரிய இன்ஜின்களிலும் மஞ்சள் நிறக் குரோமேட் உப்பையும் பயன்படுத்தினார்கள். அரிப்பைத் தடுப்பதில் அது கெட்டிக்கார மருந்து; ஆனால் புற்றுநோய் தரும் குரோமியம் என்பதால் கைவிட்டார்கள். யாராவது பழைய சரக்கு இருக்கிறது என்று கொடுத்தால் வாங்க வேண்டாம்.

கேள்வி: “ஊட்டியில் காரட் காட்டுக்கு டில்லர் வைத்திருக்கிறோம். டிசம்பர், ஜனவரியில் உறைபனி. எவ்வளவு கலக்க வேண்டும்?” – நீலகிரி வாசகர்

பதில்: ரேடியேட்டர் வகை என்றால் சரிபாதி. அந்தக் கலவை உறைய மைனஸ் 37 டிகிரி வரை போக வேண்டும். ஊட்டிக்கு அது தாராளம். ஹாப்பர் வகை என்றால் மாலையில் வேலை முடிந்ததும் தண்ணீரை வடித்துவிட்டு, காலையில் புதிதாக ஊற்றுங்கள். உறைந்த தண்ணீர் விரிந்து ஹாப்பரைப் பிளந்துவிடும்.

கேள்வி: “தூத்துக்குடியில் மாமனார் வீட்டில் விசைப்படகு இருக்கிறது. கடல் தண்ணீரை இழுத்துத்தான் இன்ஜின் ஆறுகிறது. அது கெடாதபோது எங்கள் போர்த் தண்ணீரில் மட்டும் எப்படிக் கெடும்?” – தாராபுரம் வாசகர்

பதில்: நல்ல கேள்வி. கடல் நீரில் லிட்டருக்கு சுமார் 19,000 மில்லிகிராம் குளோரைடு. அது நேராக லைனரைத் தொட்டால் இன்ஜின் நெடுநாள் தாங்காது. அதனால்தான் பல படகுகளில் தண்ணீர் இரண்டு தனித்தனிப் பாதையில் ஓடுகிறது. இன்ஜினுக்குள் சுற்றுவது நல்ல தண்ணீரும் கூலண்டும். நம் டிராக்டருக்குச் சொன்ன அதே டி 6210 வகை. கடல் தண்ணீர் வெளியிலிருந்து வந்து, குழாய்க் கற்றை உள்ள ஒரு பெட்டியில் அந்த நல்ல தண்ணீரின் சூட்டை மட்டும் வாங்கிக்கொண்டு திரும்பக் கடலுக்கே போய்விடும். இரண்டும் கலப்பதில்லை. கடல் தண்ணீர் ஓடுகிற பக்கத்தில் துத்தநாகத் துண்டு ஒன்றை மாட்டியிருப்பார்கள். அரிப்பு வேறு எதையும் தொடாமல் முதலில் அதைத் தின்னும். கடல் தண்ணீரையே நேரடியாக உள்ளே விடுகிற பழைய இன்ஜின்களும் உண்டு. அவற்றை 60 டிகிரிக்கு மேல் போகாமல் குறைந்த சூட்டில்தான் ஓட்டுவார்கள், அதற்கு மேல் போனால் உப்புப் படிந்துவிடும் என்பதால். மாமனார் வீட்டுப் படகு எந்த வகை என்று அடுத்த முறை போகும்போது கேட்டுப் பாருங்கள். துத்தநாகத் துண்டு இருந்தால் அது பாதி கரைந்திருக்கிறதா என்றும் பார்த்துச் சொல்லுங்கள். பாதி கரைந்தால் மாற்ற வேண்டும்.